தோட்டா விலை இறங்கிய வாரம்

இங்கே டீயில் சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள். வேண்டாமென்றால் கொதிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். உங்களுக்காக நான் சொல்லி வைத்திருக்கிறேன், உட்காருங்கள். நைரோபியிலிருந்து ஒரே ஓர் எண்ணுக்காக வந்திருக்கிறீர்கள். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் கேட்டிருந்தால் கை தவறிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பேன்.

கை தவறவில்லை.

நீங்கள் காட்டிய விலைப் படத்தில் மற்ற ஊர்களின் கோடுகள் படுத்துக் கிடக்கின்றன. எங்கள் ஊர்க் கோடு மட்டும் மாதம் முழுவதும் ஏறிக்கொண்டே வந்து, சண்டைக்கு முந்தைய வியாழக்கிழமை சட்டென்று இறங்குகிறது. மறுவாரம் செங்குத்தாக எழுகிறது. இப்படி நடக்காது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. உங்கள் கண் நல்ல கண். முன்னாலேயே யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைப்பாக இருக்கிறது.

உங்கள் அலுவலகத்துக்கு நான் வாராவாரம் சந்தை விலைகளை அனுப்புகிறேன். சோளம், அரிசி, பெட்ரோல், ஆடு. கடைசியாகத் துப்பாக்கித் தோட்டா, ஒன்றின் விலை. தோட்டா விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கேட்கிறவனின் முகத்தைப் பார்த்து வியாபாரி ஒரு விலை சொல்வான். அவனுக்கு எந்தப் பக்கம் உறவு என்பதைப் பொறுத்து இன்னொரு விலை சொல்வான். ஆகவே ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு தோட்டா வாங்குவேன். பேரம் பேசி வாங்கினால்தான் அது விலை. மற்றது பேச்சு. அந்தச் செலவை வெங்காயம் என்று எழுதச் சொன்னவர்கள் உங்கள் அலுவலகத்தார்தான். எழுதினேன்.

எங்களில் பட்டப்பெயர் இல்லாதவன் கிடையாது. நொண்டியை நொண்டி என்றே கூப்பிடுவோம், அவனும் திரும்பிப் பார்ப்பான். என்னை விலை என்பார்கள். கூலேத் என்ற என் பெயர் என் மனைவிக்கே மறந்திருக்கும்.

வியாழக்கிழமை மாலைத் தொழுகை முடிந்ததும் பீலேயின் டீக்கடையில் எனக்காகக் காத்திருப்பார்கள்.

"ஏ விலை, இந்த வாரம் நம்ம உசுரு என்ன ரேட்டு?" என்பான் பீலே.

"உன்னோடதா? அத மட்டும்தான் யாருமே கேக்க மாட்டேங்கறாங்க."

சிரிப்பார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிடும். ஆற்றின் இந்தக் கரையில் எங்கள் குலத்துக்குப் பெரியவரான ஹாஜி இல்மி தலையைத் தூக்கிப் பார்ப்பார். நான் விலையைச் சொல்வேன். அப்புறம் வறண்ட ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குலத்தின் பெரியவருக்கும் போனில் சொல்வேன். அவர் எனக்குத் தாய்மாமன். அப்பா இந்தக் கரை, அம்மா அந்தக் கரை என்பதால் இரண்டு பக்கமும் என் வாயை நம்பினார்கள். வியாபாரிகள் வாயை யாரும் நம்புவதில்லை.

ஒரு தோட்டா ஒரு டாலரைத் தாண்டினால் யாரோ சண்டைக்குச் சேர்க்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வாரமே இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஆற்று மணலில் பாய் விரித்து உட்காருவார்கள். யார் வாங்குவது, எதற்காக என்று விசாரிப்பார்கள். வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். ஓர் ஒட்டகத்தை அறுத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். பையன்கள் வாங்கியதையெல்லாம் திருப்பி விற்க, விலை விழுந்துவிடும். நான் பார்க்க இப்படி மூன்று சண்டைகள் நின்றிருக்கின்றன. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு மழை இரண்டு பருவம் பொய்த்தது. ஒட்டகங்கள் ஒவ்வொன்றாக உட்கார ஆரம்பித்தன. உட்கார்ந்த ஒட்டகம் எழுந்திருக்காது. மிஞ்சியிருந்த என் ஒட்டகங்களை உயிரோடு இருக்கும்போதே விற்றுவிட்டுச் சந்தையில் நின்று யோசித்தேன். பணமாக வைத்தால் உறவினர்கள் வாங்கிப் போவார்கள். சோளமாக வைத்தால் பூச்சி தின்னும். எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்றுதான் இருந்தது. இத்தனை வருடம் அதன் ஏற்ற இறக்கத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டா விற்கும் ஷீரே சிரித்தான்.

"என்ன விலை, ஒட்டகத்த வித்துட்டுத் தோட்டா வாங்குற? இதுல பால் கறக்க முடியாதுப்பா."

"தண்ணியும் கேக்காதுல்ல."

"அது சரி. ஆனா நீயே வாங்க ஆரம்பிச்சா விலைய யாரு சொல்றது?"

அரை டாலருக்கு வாங்கத் தொடங்கினேன். முதலில் பத்துப் பத்தாக, பிறகு நூறு நூறாக. என் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்றேன். ஷீரே சொல்லவில்லை. அவன் நாணயமானவன்.

விலை அறுபது சென்ட்டுக்கு வந்தது, பிறகு எழுபத்தைந்து, பிறகு தொண்ணூறு. உள்ளதை உள்ளபடியே உங்களுக்கு அனுப்பினேன். டீக்கடையிலும் சொன்னேன். பீலே கேலி செய்வதை நிறுத்திவிட்டான்.

மறுவாரத் தொடக்கத்தில் ஷீரே என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"யாரோ மொத்தமா அள்ளுறான்னு சந்தை பூராப் பேச்சு. அந்தக் கரை ஆளுங்கதான்னு இவனுங்க சொல்றானுங்க. இவனுங்கதான்னு அவனுங்க சொல்றானுங்க. ரெண்டு பக்கத்துப் பயலுகளும் வந்து வரிசையில நிக்கறானுங்க. புதுக் கிணறு யாருக்குன்னு தகராறு வேற இருக்கா, கேக்கணுமா."

"நீ என்ன சொன்ன?"

"நான் எதுக்குச் சொல்றேன். யாவாரம் நடக்குதுல்ல."

அன்று ஒரு தோட்டா ஒரு டாலர் பத்து சென்ட்.

நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள். அந்த விலையைச் சொன்னால் பெரியவர்கள் மணலில் உட்காருவார்கள். உட்கார்ந்தால் விலை அரை டாலருக்கும் கீழே போகும். என் ஒட்டகங்கள் இரண்டாவது முறை செத்துப்போகும். இன்னொன்றும் உண்டு. யார் வாங்கியது என்று அவர்கள் கேட்பார்கள். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்றால் ஷீரேயிடம்தான் வருவார்கள். வேதத்தின் மேல் கை வைத்து அவன் பொய் சொல்ல மாட்டான். ஆனால் அதற்குப் பயந்து நான் செய்யவில்லை. எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் இன்னும் கொஞ்சம் ஏறியதும் மெதுவாக விற்றுவிட்டு, பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் பெரிய காலமா என்ன.

செவ்வாய்க்கிழமை என் மனைவி ஹோதனையும் பிள்ளைகளையும் அவள் தங்கை ஊருக்கு அனுப்பினேன். அங்கே ஒரு கல்யாணம். கல்யாணம் அடுத்த மாதம்தான், ஆனால் கல்யாண வீட்டுக்கு முன்கூட்டியே போனால் உதவியாக இருக்கும்.

வியாழக்கிழமை டீக்கடையில் நிற்க இடமில்லை. ஹாஜி இல்மி கேட்டார்.

"சொல்லுப்பா."

"அறுபது சென்ட், ஹாஜி."

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பீலே கூடக் கவனிக்கவில்லை.

"நெசமாவா? நேத்து என் பேரன் டாலருக்கு மேலன்னானே."

"பையனைப் பாத்து ஏத்திச் சொல்லியிருப்பாங்க, ஹாஜி. நான் வாங்கின விலை இது."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறைவனுக்கு நன்றி சொன்னார். மாமாவுக்குப் போன் செய்தேன். அவரும் அதையே சொன்னார். "மருமவனே, இன்னிக்குத்தான் தூக்கம் வரும்" என்றார்.

என் அண்ணன் வர்சமே என்னோடு வீடு வரை நடந்து வந்தான். அவன் மனைவி சஹ்ராவுக்கு நிறைமாதம். சின்ன வயதிலிருந்தே நாங்கள் இருவரும் அப்படிச் சேர்ந்துதான் நடப்போம்.

"தம்பி, சஹ்ராவ வண்டியில ஏத்தி அவ அம்மா வீட்ல விட்டுடலாமான்னு பாத்தேன். மருத்துவச்சி வேணாங்கறா. இந்த ரோட்டுல குலுக்கினா வழியிலயே ஆயிடும்ங்கறா. நீ என்ன சொல்ற?"

"விலைதான் எறங்கிடுச்சேண்ணே."

"ஹோதன் ஏன் அவசரமாப் போனா?"

"கல்யாணம்."

அவன் என்னைப் பார்த்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் முகமும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

"சரி. நீ சொன்னா சரிதான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சண்டை தொடங்கியது. கிணற்றடியில் ஆரம்பித்து மதியத்துக்குள் ஆற்றுக்கு வந்துவிட்டது. எத்தனை பேர் என்பது உங்கள் அலுவலகத்தில் இருக்கும். விலை இறங்கியதை நம்பி எந்த வீட்டிலிருந்தும் யாரும் வெளியேறியிருக்கவில்லை. இதற்கு முன்னால் நடந்த சண்டைகளில் விலையைக் கேட்டதுமே ஆட்கள் கிளம்பிவிடுவதால் வீடுகள் காலியாக இருக்கும், சுவர்கள்தான் சாகும்.

நான் விற்றேன். மூன்று டாலர் வரை போனது. இரண்டு பக்கத்தாருக்கும் விற்றேன். பாரபட்சம் பார்க்கவில்லை. நான் விற்காவிட்டால் ஷீரே விற்றிருப்பான். தகராறு ஏற்கெனவே இருந்தது, கிணற்றை நான் தோண்டவில்லை. மணலில் உட்கார்ந்திருந்தாலும் இந்தத் தடவை நின்றிருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பெரும்பாலான நாட்களில் அப்படி நினைக்க முடிகிறது.

இரண்டாம் நாள் பகலில் வர்சமே சுவரேறிக் குதித்து என் வீட்டுக்கு வந்தான். என்னிடம் தோட்டா இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை. அப்பாவின் பழைய துப்பாக்கியைத் தோளில் மாட்டியிருந்தான். சஹ்ராவுக்கு வலி தொடங்கிவிட்டதாகவும், தெருமுனைக்கு ஆட்கள் வந்துவிட்டதாகவும், வாசலில் நிற்க வேண்டும் என்றும் சொன்னான்.

"விலை தப்பிப்போச்சே தம்பி."

"சந்தை மாறிடுச்சுண்ணே."

"மாறும்தான். உன்மேல என்ன தப்பு. நீ பாத்ததத்தான சொல்லுவ."

சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தான். எண்ணி வாங்கிக்கொண்டேன். கைநிறையத் தோட்டாக்களை அள்ளி அவன் சால்வையில் போட்டு முடிந்து கொடுத்தேன். அன்று சாயங்காலம் வாசலிலேயே அவன் விழுந்தான். உள்ளே சஹ்ராவும் பிள்ளைகளும் இருந்தார்கள். குழந்தை பிறந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சஹ்ராவையும் பிள்ளைகளையும் குளிப்பாட்டி அடக்கத்துக்குத் தந்த பெண்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமை விலை ஒரு டாலர் பத்து சென்ட். நான் அறுபது என்றேன். ஏற்றியதும் நான், இறக்கிச் சொன்னதும் நான். உங்கள் கோட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

திருத்தும்போது இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே மூன்று டாலர் போன அந்த நாளில் அண்ணனிடம் அறுபது சென்ட்தான் வாங்கினேன். அவனிடம் நான் லாபம் பார்க்கவில்லை.