கரண்ட் போனால் ஓடும் கேசட்

சோப்பு விற்பதைவிட வீடியோ கேம் கேசட் விற்பது கடினம். சோப்பு தீர்ந்தால் வாங்கியவரே திரும்பி வருவார். கேசட் தீராது. அதனால் அது எப்போது ஓடும், எப்போது ஓடாது என்று யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கடையில் அப்படி யோசித்தவன் நான். ஐயா, அதிலிருந்து தொடங்கினால்தான் தறிக்கூடத்தில் கோமதிநாயகம் அண்ணாச்சி இறந்தது உங்களுக்கு விளங்கும். திருநெல்வேலியிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள், லைன்மேன் செல்லப்பா கவனமில்லாமல் கரண்ட் கொடுத்துவிட்டார் என்று எழுதப்போவதாகச் சொல்கிறார்கள். அவர் கொடுக்கவில்லை.

என் பெயர் பெருமாள்சாமி. ஊர் குருவிகுளம் பக்கம். பகலில் சங்கரன்கோவிலில் பாதுஷா பாயின் வாட்ச் கடையில் வேலை. மாலையில் வயர்மேன் வகுப்பு. எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்ப்பது என் பழக்கம். சரிபார்த்த பிறகும் சந்தேகம் போகாது.

சென்ற 1989ஆம் வருடக் கடைசியில் பாயின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கையில் வைத்து ஆடும் கேம் மெஷின் நான்கு கொண்டுவந்தார். முதுகில் கேசட்டைச் செருகினால் ஆட்டம் வரும். கேசட்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. கடை வாசலில் ஒரு மேஜை போட்டு மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டோம். ஒரு ஆட்டம் பிடித்துப்போனால் சிலர் பங்கு போட்டுக் கேசட்டைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு, மெஷினை மட்டும் வாடகைக்கு எடுப்பார்கள் என்பது பாயின் திட்டம். முதலில் எதுவும் ஓடவில்லை.

“சிங்கப்பூர் சாமான்னு ஊரே வந்து பாக்கு. பாத்துட்டு வாயத் தொறந்துக்கிட்டே போயிருதான்” என்றார் பாய். “ஒரு கொரங்க வாங்கிக் கட்டியிருந்தாலும் இதே கூட்டம் வந்திருக்கும். பொங்கலுக்குள்ள ஓடலன்னா மேசையத் தூக்கிருவேன் தம்பி. மேசை போனா நீயும் போவ, பாத்துக்க.”

வேலை போனால் வகுப்பும் போகும். ஆகவே காரணத்தைத் தேடினேன். புதிய கேசட் என்றால் ஓடும் என்று நினைத்துப் புதியவற்றை முன்னால் அடுக்கினேன். ஓடவில்லை. அட்டைப்படம் காரணமோ என்று மாற்றி வைத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. சனிக்கிழமை கூலி நாள். அன்றைக்கு எல்லாரும் சினிமாவுக்கும் புரோட்டா கடைக்கும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடப் பையன்கள் வந்தார்கள், சும்மா வேடிக்கை பார்க்க. பிறகு, எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு மத்தியானம் நான்கு மெஷினும் வெளியே போய், இன்னும் ஆள் நின்றது. சில நாள் கழித்து மறுபடியும் அப்படியே. அன்று கேசட்டின் பெயரை வாசித்துக் காட்டும்போது என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. அந்தத் தெருவில் அது நடக்காத காரியம். அப்போதுதான் கவனித்தேன், தறிச் சத்தம் இல்லை.

எங்கள் கடைக்கு இரண்டு பக்கமும் பவர்லூம் கூடங்கள். கரண்ட் போனால் தறி நிற்கும். எந்த நிமிடமும் திரும்பி வரலாம் என்பதால் தறிக்காரர்கள் வீட்டுக்குப் போக முடியாது. டீயும் எத்தனை குடிப்பார்கள்? எங்கள் மெஷின் பேட்டரியில் ஓடுவது. அதன் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, எனவே இருட்டிய பிறகு பயனில்லை. மத்தியானம் போகிற கரண்ட்தான் கேசட்டை ஓட்டுகிறது என்று கண்டுகொண்டேன். அந்தக் கண்டுபிடிப்பில் இன்றைக்கும் எனக்குத் தவறு தெரியவில்லை.

கோமதிநாயகம் அண்ணாச்சி முதல் ஆளாக வருவார். பக்கத்துக் கூடத்தில் தறி ஓட்டுகிறவர்.

“ஏலே பெருமாளு, அந்தக் கட்டை விழுத கேசட்டக் குடு. கரண்ட் வாரதுக்குள்ள இன்னைக்கு இவன ஒரு வழி பண்ணிருதேன்.”

அவர் ஆட, தோளுக்கு மேலே நாலு தலை எட்டிப் பார்க்கும். “இடது பக்கம் தள்ளுங்க அண்ணாச்சி, இடது பக்கம்.”

“தறியில நூலு அறுந்தா ஒனக்குக் கண்ணு தெரியாது. இங்கன வந்து எனக்கு வழி காட்டுதியோ?”

சிரிப்புச் சத்தம் கேட்டு மற்றவர்களும் வருவார்கள். அவர் இருந்தால் நான்கு மெஷினும் போகும்.

மார்கழி பிறந்ததும் கரண்ட் ஒழுங்காக வந்தது. கேசட் நின்றது. பாய் மேஜையைப் பார்க்கத் தொடங்கினார்.

கடைக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதன் பியூஸ் பெட்டிக்குப் பூட்டு கிடையாது, கம்பியால் கட்டியிருக்கும். அதிலுள்ள கட்டைகளைப் பிடுங்கினால் தெரு முழுக்கக் கரண்ட் நிற்கும். பியூஸ் கட்டையைக் கையில் கரண்ட் படாமல் பிடுங்குவது எப்படி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிடுங்கியதைக் கீழே வைக்காதே, உன்னோடு வைத்துக்கொள், வேறு யாராவது செருகிவிட்டால் லைனில் வேலை செய்கிறவன் செத்துப்போவான் என்றும் சொல்லியிருந்தார்கள். மத்தியானங்களில் நான் பிடுங்கத் தொடங்கினேன். பிடுங்கிய பீங்கான் கட்டைகளைத் துணிப்பையில் போட்டு என் காலடியிலேயே வைத்துக்கொள்வேன். யாராவது மின்சார ஆபீசுக்கு ஆள் அனுப்பி, செல்லப்பா சைக்கிளில் வந்து சேர்வதற்குள் திரும்பச் செருகிவிடுவேன். “நான் பெடல மிதிச்சாலே இந்தத் தெருவுக்குக் கரண்ட் வந்துருது வே” என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பேச்சுத்தான் இப்போது அவர்மேல் சாட்சியாக நிற்கிறது.

கேசட் ஓடியது. பங்கு போட்டுச் சில கேசட்டுகளை வாங்கவும் செய்தார்கள். தறிக்காரர்களுக்குச் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தறி நின்றால் கூலியும் நிற்கும். இதை நான் யோசிக்காமல் இல்லை. அவர்கள் என் மேஜையைச் சுற்றிச் சிரித்ததை மறுபக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறையச் சரியாக இருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் பிடுங்கினேன். தெரு அமைதியானது. ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பையோடு பக்கத்துக் கூடத்துக்குப் போனேன். கோமதிநாயகம் அண்ணாச்சி தறிக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மோட்டாரின் மூடியைக் கழற்றியிருந்தார். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். அவர் பல்லால் வயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, கேசட்ட எடுத்து வச்சிருக்கேன்.”

“இன்னைக்கு ஆட்டம் கெடையாதுலே. கரண்ட் இருக்கும்போது தறிய நிறுத்துனா மொதலாளி வைவாரு. இப்ப நிறுத்துனது கரண்ட்காரன்லா, யார வைவாரு? இந்த மோட்டார எழுப்பி விட்டாத்தான் பிள்ளையளுக்குப் பொங்கலுக்குத் துணி. கூலி பாதியாப் போச்சு மக்கா.”

சுவரில் மெயின் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. கரண்ட் வந்தால் விளக்கு எரிந்து தெரியட்டும் என்று கூடங்களில் யாரும் அதை அணைப்பதில்லை.

“மெயின் ஆஃப் பண்ணலையா அண்ணாச்சி?”

“கரண்டே இல்லாத ஊருல மெயின வச்சு என்னலே செய்ய?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைக்குத் திரும்பினேன். மேஜையில் நான்கு மெஷினும் அப்படியே இருந்தன. கரண்ட் போனால் கேசட் ஓடும் என்ற கணக்கு, அவர்கள் அந்த நேரத்தில் மோட்டார் பழுது பார்க்கப் பழகிவிட்டால் பொய்யாகிவிடும். கேசட் ஓடாதபோது கரண்டை நிறுத்திவைப்பதில் அர்த்தமில்லை. அதோடு இன்னொன்றும் நினைத்தேன். கரண்ட் லேசாக ஒரு அடி அடித்தால் போதும், அடுத்த முறை யாரும் மோட்டாரைத் தொடமாட்டார்கள், மேஜைக்கு வருவார்கள். வகுப்பில் எனக்கே ஷாக் அடித்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. மோட்டாருக்கு வருவது வீட்டு லைன் இல்லை, நானூற்று நாற்பது வோல்ட் என்ற பாடமும் நடந்திருந்தது. அந்த நேரத்தில் அது நினைவில் இருந்ததா என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். இருந்தது.

கட்டைகளைச் செருகினேன். விளக்குகள் எரிந்தன. சில தறிகள் ஓடத் தொடங்கின. பக்கத்துக் கூடத்தில் “மெயின், மெயின்” என்று யாரோ கத்தினார்கள். தெருமுனையில் செல்லப்பா சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

அதன்பின் அதிகாரிகள் வந்து தெரு முழுவதற்கும் கரண்டை நிறுத்தினார்கள். உடலைப் பார்க்க மனமில்லாதவர்கள் வந்து கடை வாசலில் நின்றார்கள். கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது போல. நான்கு மெஷினும் போயின. ஒருவர் கட்டை விழும் ஆட்டத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பாய் உள்ளேயிருந்து வந்து, “இன்னைக்குமா வாடகை வாங்குத? கடைய அடைலே” என்றார். அவர் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவில்லை.

செல்லப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நேற்று அண்ணாச்சியின் மனைவி ஆறுமுகத்தாய் செல்லப்பா வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியதைப் பார்த்தேன். “நான் குடுக்கலம்மா, என் பிள்ளையள் மேல சத்தியம்” என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருப்பது நியாயமில்லை என்று பட்டது.

பிடுங்கியவன் நான். செருகியவன் நான். கோமதிநாயகம் அண்ணாச்சியின் கையில் வயர் இருப்பது தெரிந்தே செருகினேன். கரண்டை நிறுத்தியது குற்றம்; அதற்குரிய தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதைத் திருப்பிக் கொடுத்ததை அதே கணக்கில் சேர்க்காதீர்கள், ஐயா. அவர்களுக்குச் சேர வேண்டியதைத்தானே கொடுத்தேன்.