ஒன்பதாம் முடிச்சுக்கு மறுநாள்

வட ஆற்காடு மாவட்டம், போளூர் தாலுகா, ஜவ்வாது மலை, நெல்லிக்கொல்லை கிராமத்தில் குடியிருக்கும் சின்னவீரன் மகன் தீர்த்தகிரி, வயது சுமார் 53, தொழில் விவசாயம், 30.11.1979 வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜமுனாமரத்தூரில் காவல் துணை ஆய்வாளர் முன்பாக ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி மங்கம்மாளுடன் குடியிருந்து வருகிறேன். சாமையும் கேழ்வரகும் பயிர் செய்கிறேன், நான்கு புளியமரம் உண்டு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்களுக்கு ஒரே மகள் பாஞ்சாலை, வயது 25. அவள்தான் இறந்துபோனவள். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே ஏதும் கேட்க வேண்டாம், நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு வராது என்று ஐயாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு பாஞ்சாலை மலையிலிருந்து இறங்கிப் போய், ஒடுகத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கும் கோபால்சாமி என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் சாதி இல்லை. அதனால் எங்கள் வகையறாவிலிருந்து அவளை ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கி வைத்தவரை வீட்டுக்குள் விடக் கூடாது, அவர் கையில் தண்ணீர் கொடுக்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. மீறினால் அந்த வீட்டையும் ஒதுக்கிவிடுவார்கள். அவளை ஒதுக்கும்போது நானும் கூட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அதன் பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, திரௌபதி என்று பேர் வைத்ததாக ஆள் மூலம் தெரிந்தது. என் மனைவி அந்தப் பேரை வீட்டில் எந்த நேரமும் சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் எரிந்து விழுவேன். ஆனால் எனக்கும் ஆசைதான், ஐயா. பேத்தியின் முகத்தைப் பார்க்காமலே செத்துப்போவேனோ என்று பயமாக இருந்தது.

ஒதுக்கியவரைத் திரும்பச் சேர்ப்பதற்கு எங்களில் ஒரே வழிதான் உண்டு. எங்கள் வகையறாவின் ஏழு கால்வழியும், அதாவது ஏழு பங்காளிக் கிளையும், சாமிக்கல்லுக்கு முன்னால் ஒன்றாகக் கூட வேண்டும், ஒரு கால்வழி குறைந்தாலும் செல்லாது. ஒதுக்கப்பட்டவர் அங்கே ஓடும் ஓடைக்கு அக்கரையில் நிற்க வேண்டும், வகையறாத் தலைவரான மூப்பன் கூப்பிட்ட பிறகு தாண்டி வர வேண்டும், எல்லோருக்கும் எதிரில் பானைத் தண்ணீரை வாங்கிக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான், சேர்ந்தாயிற்று. ஆனால் நாங்கள் அப்படிக் கூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பாதிப் பேர் படவேட்டில் கரும்பு வெட்டப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள், இரண்டு கால்வழி குடகில் காப்பித் தோட்டத்தில் இருக்கிறது. சாமிக்கல்லும் இப்போது ரிசர்வ் காட்டுக்குள் இருப்பதால் கும்பலாகப் போக அனுமதி வேண்டும். யாரும் இதற்கு முன்வராததால் நானே எடுத்துச் செய்தேன். சாமிக்காகக் கூட்டுகிறேன் என்று ஊரில் சொன்னேன். மகளுக்காகத்தான் கூட்டினேன்.

போன ஆடி மாதத்திலிருந்து வேலை பார்த்தேன். வனச்சரகர் ஆபீசுக்கு நான்கு நடை நடந்தேன். ஒரே நாள், விடிந்து போய்ப் பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும், பச்சை மரத்தில் கை வைக்கக் கூடாது, மணலில் மட்டும் அடுப்பு மூட்ட வேண்டும் என்று சொல்லி 29.11.1979 வியாழக்கிழமைக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். அதன் பிறகு என் கொல்லையிலிருந்தே விறகு வெட்டிக் காட்டு ஓரம்வரை சுமந்து அடுக்கினேன். வீட்டுக்கு இரண்டு படி சாமை அரிசி, கால்வழிக்கு ஒரு கிடா என்று பேசி முடித்தேன். நடக்க முடியாத கிழவன் கிழவிகள் பதினோரு பேர், அவர்களைத் தூக்கி வர மூங்கிலில் டோலி கட்டினேன். பிறந்து நாற்பது நாளான குழந்தைகூட வரப்போகிறது, அதற்கு வெயில் படாத இடம் எது என்றுகூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆள் கூப்பிடுவதற்கு நாங்கள் முடிச்சுக் கயிறு அனுப்புவோம். அமாவாசைக்கு மறுநாள் காலையிலிருந்து தினம் ஒரு முடிச்சாக அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க முடிச்சு இல்லாமல் கயிறு வெறுமையாக இருக்கும் காலையில் சாமிக்கல்லில் இருக்க வேண்டும். நான் ஒன்பது முடிச்சு போட்டு ஏழு கயிறு திரித்தேன். என் சித்தப்பா மகன் ராஜாக்கண்ணு குடகுவரை பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். ஒதுக்கப்பட்டவருக்குக் கயிறு அனுப்பக் கூடாது என்பதால் பாஞ்சாலைக்குக் கடுதாசி போட நினைத்து, ஜமுனாமரத்தூரில் டீக்கடை வைத்திருக்கும் ஆதிநாராயணன் என்பவரிடம் போய் ஒரு கயிற்றைக் காட்டினேன். அவர் மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர். அமாவாசைக்கு மறுநாள் செவ்வாய் என்று காலண்டரைப் பார்த்து, முடிச்சை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணி, ஒன்பதாம் முடிச்சு விழுந்த 28ஆம் தேதி புதன்கிழமையைக் கடுதாசியில் எழுதிவிட்டார். ஒன்பதுக்கு மறுநாள் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. எங்களில் கைக்குழந்தைக்குத் தெரிந்த கணக்கு, அதை வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பேரில் நான் குறை சொல்லவில்லை. கூப்பிடும் வரை ஓடையைத் தாண்டாதே, ஊருக்குள் வராதே என்று மட்டும் அழுத்தி எழுதச் சொன்னேன்.

28.11.1979 புதன்கிழமை மதியம் சுமார் மூன்று மணி இருக்கும். நான் வாசலில் மாட்டுக்குத் தட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வேலிக்கு வெளியே பாஞ்சாலை குழந்தையோடு வந்து நின்றாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். ஓடையில் காலையிலிருந்து காத்திருந்தும் ஒருவரும் வராததால் பயந்துபோய் வந்திருக்கிறாள். ஆறு வருடம் கழித்துப் பார்க்கிறேன், கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தது. முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பதால் அவள் குழந்தையைப் பார்த்துச் சொன்னாள், "காயிதத்துல இன்னிக்குன்னுதானே போட்டிருக்குது, இன்னா ஒருத்தரையும் காணோம்?"

ராஜாக்கண்ணு வீடும் இன்னும் இரண்டு வீடும் எதிரிலேயே இருந்தன, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மாட்டிடம் சொன்னேன், "கூடுறது நாளைக்குத்தான். அக்கரைப் பாறையாண்ட போய்க் குந்து. காலைல கூப்புட்றேன்." குழந்தை தண்ணி வேண்டும் என்று சொன்னது. உள்ளேயிருந்து என் மனைவி சொம்போடு ஓடி வந்தாள். நான் வாசற்படியில் கையை நீட்டி அவளை மறித்தேன். "ஒரு வாய் தண்ணிதானேய்யா, கொழந்தைக்கிய்யா" என்று கெஞ்சினாள். இன்று கொடுத்தால் நாளைக்கு நம் வீட்டையே ஒதுக்குவார்கள், அப்புறம் கூட்டமும் இல்லை, மகளும் இல்லை, ஆடியிலிருந்து பட்ட பாடும் மண்ணாகிவிடும் என்று அவளைத் திட்டினேன். சொம்பைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். பாஞ்சாலை அதைப் பார்த்தாள். கோபப்படவில்லை. "தாத்தா நாளைக்கி கூப்புடுவாராம், வா போலாம்" என்று குழந்தையிடம் சொல்லித் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். கடைசி பஸ் நான்கு மணிக்கு, ஜமுனாமரத்தூருக்கு ஆறு மைல், அவளால் போய்ப் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை. மேல்மலையில் மட்டும் கருத்துக் கிடந்தது. நான் நாளைக்கு யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

29.11.1979 வியாழக்கிழமை விடிந்ததும் நானும் மனைவியும் முதல் ஆளாகச் சாமிக்கல்லுக்குப் போனோம். ஓடையில் செந்தண்ணீர் வந்து வடிந்த அடையாளம் இடுப்பு உயரத்துக்குத் தெரிந்தது. அக்கரையில் மேட்டில் ஒரு மரத்தோடு குழந்தையைத் துண்டால் கட்டியிருந்தது. அழுது அழுது குரல் போயிருந்தது. அம்மா எங்கே என்று கேட்டதற்கு, "தண்ணி மோக்கப் போச்சு" என்றது. அதன் பிறகு கீழே நூறு அடி தூரத்தில் நாவல் மரத்து வேரில் சிக்கி என் மகள் கிடந்ததைப் பார்த்தேன். நானே இறங்கித் தூக்கி அக்கரைப் பாறையில் கிடத்தினேன். மனைவி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். டோலியில் கிழவர்கள் வந்தார்கள், குடகிலிருந்து வந்தார்கள், நாற்பது நாள் குழந்தையும் வந்தது. நான் கூப்பிட்டபடியே ஏழு கால்வழியும், சுமார் நூற்றெண்பது பேர், ஒருவர் குறையாமல் வந்து நின்றார்கள். எங்கள் மூப்பன் அர்ச்சுனன், வயது 70, ஓடைக்கு இக்கரையில் நின்று என்னிடம் கேட்டார்: "தீர்த்தகிரி, அது உன் பொண்ணா சொல்லு. உன் பொண்ணுன்னா எல்லாருக்கும் தீட்டு, பானை வெக்க முடியாது, இப்பவே கலைஞ்சி போய்டறோம். ஒதுக்குனது ஒதுக்குனதுதான்னா நமக்கு ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல, பொங்கல் வெக்கலாம். இன்னா சொல்றே?"

நான் திரும்பி அத்தனை பேரையும் பார்த்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவியும் அக்கரையிலிருந்து பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை என்று சொல்லமாட்டேன், முடிந்திருக்கும். சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மூப்பன் அடுப்பு மூட்டச் சொன்னார். நான் சுமந்து அடுக்கிய விறகுதான். ஆக்கினார்கள், சாமிக்குப் படைத்தார்கள். பந்திக்கு இலை போட ஆள் இல்லை என்றார்கள். நான்தான் போட்டேன். எதிர்க்கரையில் அவள் கிடக்க, நான் குனிந்து குனிந்து வரிசையாக இலை போட்டுக்கொண்டு போனேன். எனக்கும் ஒரு இலை போட்டார்கள். அதில் உட்கார்ந்தேன். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன், அதை மறைக்கவில்லை.

காவலுக்கு வந்திருந்த வனக்காவலர் பிணத்தைப் பார்த்துவிட்டு ஜமுனாமரத்தூருக்குப் போய்த் தகவல் சொல்லியதால், சுமார் ஒரு மணிக்குப் போலீசார் வந்தார்கள். இறந்தவர் யாருக்கு என்ன உறவு என்று ஐயா கேட்டபோது, மூப்பன் எங்கள் வகையறாவில் யாருக்கும் உறவில்லை என்றார். அப்போதும் நான் பக்கத்தில்தான் நின்றேன். அதன் பிறகு பிரேதத்தைப் போளூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் மனைவி குழந்தையோடு அதே வண்டியில் ஏறிப் போனாள். அவள் இன்னும் வீடு திரும்பவில்லை, திரும்புவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கோபால்சாமி நேற்று பொழுது சாய்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததாகத் தெரிகிறது. பிரேதத்தை அவரிடமே கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அதில் பாத்தியதை இல்லை.

வெள்ளத்தில் தவறி விழுந்து இறந்தாள் என்று எழுதினால் போதும் என்று ஐயா சொன்னார். வெள்ளம் மேல் எழுதி என்ன ஆகப்போகிறது? குழந்தைக்குத் தண்ணீர் மொள்ளப் போய்த்தான் செத்தாள், அந்தத் தண்ணீரை என் வாசலில் கொடுக்கவிடாமல் செய்தவன் நான், இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்றேன். அதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை என்றார். இல்லாவிட்டாலும் எழுதச் சொன்னேன்.

இன்று காலை மூப்பனும் ராஜாக்கண்ணுவும் என்னோடு வந்து வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். உறவில்லை என்றே சொல்லிவிட்டு வந்துவிடு, மாற்றிச் சொன்னால் நேற்றுப் படைத்தது எல்லோருக்கும் தீட்டாகிவிடும், உன்னையும் ஒதுக்க வேண்டி வரும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஜன்னல் திறந்திருக்கிறது, நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொல்கிறேன்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் வாயால் வந்தது எதுவும் விடுபடவில்லை, வராதது எதுவும் சேரவில்லை. இறந்தவர் உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதியிருப்பதை இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நேற்றுக் காலை கேட்டபோது சொல்லியிருக்க வேண்டிய சொல் அது ஒன்றுதான்.

தீர்த்தகிரி, இடது கைப் பெருவிரல் ரேகை.