ஆடுகதவு வியூகத்தை நான் ஏன் நம்பவில்லை

நான் ஒலிவாங்கியைத் தொட்டதுமே கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்கும் அருமைத் தலைவர் ஓபல் ஸ்ட்ராண்ட் அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, உங்கள் கைதட்டல்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்த் தம் மேசையில் குவித்து வைத்திருக்கும் வேதியியல் பேராசிரியர் லீலண்ட் வாஸ் அவர்களே! முதல் வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஜெரால்ட் புரூயிட் அவர்களே! மழையிலும் பனியிலும் மரப்படிகளில் போர்வை போர்த்தி உட்கார்ந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்ட பெரியோர்களே! களத்தில் விழுந்த பிள்ளை எழுந்திருக்கும் வரை மூச்சை அடக்கிக் காத்திருந்த தாய்மார்களே! சேற்றுச் சட்டையைக் கழற்றிவிட்டு இன்று கழுத்தில் டை கட்டி வந்திருக்கும் டெல்வின் கல்லூரியின் வீரச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும், ஆட்ட வர்ணனை சொல்லும் வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்த வெர்னா கோல்ஹாஸின் வணக்கம்!

பருவம் முடிந்த இந்த விருந்தில் இன்று நம் மன்றத்தின் முன்னுள்ள தீர்மானம் என்ன? “ஆடுகதவு வியூகம் டெல்வின் கல்லூரிக்குப் பெருமையே.” பெருமை என்றார் பேராசிரியர். நான் சந்தேகம் என்கிறேன். பிழை என்றுகூடச் சொல்லவில்லை, பாவம் என்றும் சொல்லவில்லை. சந்தேகம்! அதை உங்கள் முன் வைக்கத்தான் வந்தேன்.

அது என்ன வியூகம் என்று வெளியூரிலிருந்து வந்த விருந்தினர்கள் கேட்கிறார்கள். சொல்கிறேன். வழக்கமான அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் நம் பிள்ளைகள் தோளோடு தோள் உரச ஒரு சுவர்போல நிற்பார்கள். அந்தச் சுவரின் நடுவே ஒருவன் குனிந்து நிற்பான். அவன்தான் சென்டர். கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிந்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவன். எறிகிற அந்த நொடியில் அவன் தலை தாழ்ந்திருக்கும். எதிரே வருகிறவன் யார் என்று அவனால் பார்க்க முடியாது. ஆனால் கவலையில்லை. இடப்பக்கம் ஒரு தோழன், வலப்பக்கம் ஒரு தோழன்.

ஆடுகதவு என்ன செய்கிறது? திடீரென்று அந்தச் சுவர் முழுவதும் கதவு திறப்பதுபோல இடது ஓரத்துக்கு நடந்து போய்விடுகிறது. ஏதோ குழப்பத்தில் போவதுபோல, தலையைச் சொறிந்துகொண்டே போகிறது. நடுவில் பந்தோடு மிஞ்சுகிறவன் சென்டர் மட்டுமே. பின்னால் எட்டத்தில் பந்தை வாங்க ஓரிருவர். எதிரணி திகைக்கிறது. ஓரத்துக்கு ஓடுவதா? நடுவில் நிற்பதா? அவர்கள் திகைத்துத் திரும்புவதற்குள் பந்து பறந்துவிடுகிறது, பிள்ளை ஓடிவிடுகிறான், பலகையில் எண் ஏறிவிடுகிறது!

அழகுதான். மறுக்கவில்லை. கடந்த இலையுதிர் காலத்தில் முதல் மூன்று ஆட்டங்களையும் அந்தக் கதவு நமக்கு வென்று தந்தது.

(என்ன? பின்வரிசையில் யாரோ சத்தம் போடுகிறீர்கள். “வெர்னா, நீயும்தானே ரேடியோவுல துள்ளிக் குதிச்சே?” என்கிறீர்களா? ஆமாம் ஐயா, குதித்தேன். என் காபி கவிழ்ந்து கருவி நனைந்து, நீங்கள் பாதி ஆட்டத்தைக் கரகரவென்றுதான் கேட்டீர்கள். உட்காருங்கள்.)

பேராசிரியர் சொன்னார்: “உடம்பில் சிறியவன் புத்தியால் பெரியவனை வெல்வது குற்றமா?” குற்றமில்லை. விதி அனுமதிக்கிறது. ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் செய்கிறோம். எதிரியை ஏமாற்றுவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஏமாற்றிப் பழகிய கண், வீட்டுக்குத் திரும்பி வந்து யாரைப் பார்க்கிறது? என் கேள்வி அதுதான். அதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அதில் வருகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள். கதைக்குரியவனிடம் நான் அனுமதி கேட்டேன். அவன் சொன்னது: “சொல்லுங்க மேடம். ஆனா என்னைப் பாவப்பட்டவனா மட்டும் காட்டிடாதீங்க.”

அவன் பெயர் டோபியாஸ் ரென்ஃப்ரோ. நம் சென்டர்.

அக்டோபரில் ஆஷ்மூர் கல்லூரி நம் ஊருக்கு வந்தது. ஆஷ்மூர்! அந்தப் பெயரைச் சொன்னாலே இந்த ஊரில் சூப் ஆறிவிடும். இரண்டாம் பாதியில் புரூயிட் கை காட்டினார். சுவர் இடது ஓரத்துக்கு நடந்தது. நான் வானொலியில் “கதவு திறக்கிறது, கதவு திறக்கிறது!” என்று கூவினேன். ஆனால் ஆஷ்மூர் திகைக்கவில்லை! ஒருவன்கூடத் தலையைத் திருப்பவில்லை. இரண்டு பேர் ஓரத்தைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் நேராக நடுவில் பாய்ந்தார்கள். தலை தாழ்ந்திருந்த டோபியாஸ் மீது ஒரு மலை வந்து விழுந்தது. பந்து சேற்றில் உருண்டது. அதை எடுத்துக்கொண்டு அவர்கள் ஓடினார்கள். மறுபடி முயன்றோம், மறுபடியும் அதே கதி. தோற்றோம். சாதாரணத் தோல்வியா? வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படும் தோல்வி.

அன்று மாலை ஊர் முழுக்க ஒரே பேச்சு. “யாரோ சொல்லிக் கொடுத்திருக்கான்.”

யாரோ! அந்த ஒரு சொல் எப்படி வளர்ந்தது தெரியுமா? பயிற்சிக் களத்தின் வேலியில் தார்ப்பாய் ஏறியது. பிள்ளைகளின் செல்பேசிகள் ஒரு வாளியில் விழுந்தன. நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போன ஒரு மனிதரைக் காவலர்கள் நிறுத்தி விசாரித்தார்கள். அவர் யார்? நம் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர்! (சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.)

பிறகு அந்த “யாரோ”வுக்கு ஒரு முகம் கிடைத்தது. டோபியாஸின் அக்கா கொரீன், ஆஷ்மூர் அணியின் உதவிப் பயிற்சியாளர் நீல் காண்ட்ரியைத் திருமணம் செய்திருக்கிறாள். போதாதா? வேறு சாட்சி வேண்டுமா? பெண் கொடுத்த வீடு என்றால் வியூகமும் கொடுத்த வீடுதானே!

திங்கட்கிழமை புரூயிட் அவனை அறைக்குள் அழைத்தார். அங்கே நடந்ததை அவரே என்னிடம் சொன்னார்; இங்கே சொல்லவும் ஒப்புக்கொண்டார். அதற்கு அவருக்கு என் நன்றி.

“ஞாயித்துக்கிழமையானா எங்கே சாப்பிடுறே?”

“அக்கா வீட்டுல, கோச்.”

“மாமா கூட என்ன பேசினே?”

“நான் நம்ம ஆட்டத்தைப் பத்தி யார்கிட்டயும் எதுவும் சொல்லல கோச்.”

“நான் கேட்டது அது இல்ல.”

டோபியாஸ் தரையைப் பார்த்தான். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அந்த மௌனத்தையே வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு, அவனைச் சென்டர் இடத்திலிருந்து இறக்கினார்கள்.

அவன் அணியை விட்டுப் போனானா? போகவில்லை. ஒவ்வொரு நாளும் வந்தான். தலைக்கவசம் மாட்டினான். ஓரத்தில் நின்றான். அவனுக்கு இடத்தோளாக இரண்டு ஆண்டுகள் நின்ற ஓட்டிஸ் பிராம்லெட், எல்லோரிலும் உரக்கக் கேலி பேசினான்.

“டேய், மெதுவா பேசுங்கடா. மாப்பிள்ளை வீட்டுக்காரன் காது நீட்டிட்டு நிக்கிறான்!”

நம் காலைச் சிற்றுண்டிக் கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகும். ஒரு பெரியவர், இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன், அவன் தட்டைக் காட்டிக் கேட்டார்: “என்ன தம்பி, ஆஷ்மூர்ல வேளாவேளைக்குப் போடுறதில்லையா?”

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். பதினொரு பேரும் சேர்ந்து உலகத்தை ஏமாற்றிய வியூகம் அது. அது உடைந்தபோது நாம் எதிரியையா திட்டினோம்? நம் திட்டத்தையா ஆராய்ந்தோம்? நம் பிள்ளைகளில் ஒருவனைத் தேடிப் பிடித்தோம்! மறைப்பதில்தான் வெற்றி என்று நம்பத் தொடங்கிய நாளிலிருந்து, பக்கத்தில் நிற்பவன் எதை மறைக்கிறான் என்றும் நாம் தேடத் தொடங்கவில்லையா?

நவம்பரில் ஒரு சனிக்கிழமைக் காலை. நமக்கு ஆட்டம் இல்லாத வாரம். அதே சிற்றுண்டிக் கடை. புரூயிட் தம் உதவியாளர்களோடு முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டு மேசை தள்ளி இருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு கொரீன் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராக அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“கோச், ஒரே ஒரு கேள்வி. போன ஜூன் மாசம் கொலம்பஸ்ல கோச்சுங்க எல்லாம் கூடின கருத்தரங்குல நீங்க பேசினீங்களா, இல்லையா?”

“பேசினேன். அதுக்கென்ன இப்போ?”

“பலகையில என்ன படம் போட்டீங்க?”

புரூயிட் தம் உதவியாளர்களைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் சொல்லட்டுமா? ‘இந்த வருஷம் புதுசா ஒண்ணு வச்சிருக்கேன், பாருங்க’ன்னு நீங்களே வரைஞ்சு காட்டினீங்க. யார் எங்கே நடக்கணும், எப்போ பந்து போடணும், எல்லாம். என் வீட்டுக்காரர் மூணாவது வரிசையில உட்கார்ந்து கேட்டிருக்கார். எல்லாரும் கைதட்டினாங்களாம், அவரும் தட்டியிருக்கார். என் தம்பி எதுக்கு கோச் சொல்லணும்? நீங்கதான் ஏற்கெனவே சொல்லிட்டீங்களே!”



புரூயிட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். மெல்லக் கேட்டார்: “இது டோபியாஸுக்குத் தெரியுமா?”

“ஆட்டம் முடிஞ்ச மறுநாளே தெரியும். சாப்பாட்டு மேசையில அவர்தான் சொன்னார்.”

“பின்னே ஏன் என்கிட்ட சொல்லல?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘மாமா சொன்னார்னு நான் சொன்னா, பாரு, மாமாகிட்ட பேசியிருக்கான்னு அதையே பிடிச்சுப்பாங்க அக்கா. அதோட, கோச்சை எல்லார் முன்னாடியும் எப்படிக் குத்தம் சொல்றது?’ன்னான். என்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான். இன்னிக்கு அதை உடைச்சிட்டேன். அவன் திட்டினா திட்டட்டும்.”

சந்தேகம் எவ்வளவு கொடியது, பார்த்தீர்களா? உண்மையைச் சொன்னால் அந்த உண்மையே அவனுக்கு எதிரான சாட்சி! சொல்லாமல் இருந்தால் அந்த மௌனமும் சாட்சி! எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவன் எந்த வாசல் வழியாக வெளியே வருவது?

புரூயிட் அவர்களே, அடுத்து நீங்கள் செய்ததையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமை பயிற்சிக்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “இந்த வியூகத்தை வெளியில சொன்னவன் நான்தான். பழி போட்டவனும் நான்தான். டோபியாஸ், என்னை மன்னிச்சுடு” என்றீர்கள். அப்படிச் சொல்கிற தலைமைப் பயிற்சியாளர்கள் இந்த மாநிலத்தில் எத்தனை பேர்?

(தட்டுங்கள், தட்டுங்கள். அவருக்காகத் தட்டுங்கள். நான் காத்திருக்கிறேன்.)

பேராசிரியர் வாஸ் இப்போது எழுந்து கேட்பார்: “அப்படியானால் தவறு மனிதருடையது, வியூகத்தின் மேல் ஏன் பழி?” நல்ல கேள்வி. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு வாருங்கள்.

டோபியாஸ் மறுபடியும் சென்டர். எதிரணியிடம் கொஞ்சம் பின்தங்கியிருந்தோம். ஆட்டத்தின் கடைசிக் கால்பாகம். புரூயிட் யோசித்தார். “இவர்கள் கொலம்பஸ் கருத்தரங்குக்கு வரவில்லை, இவர்களுக்குத் தெரியாது.” கை காட்டினார். ஆடுகதவு! சுவர் அசைந்தது. ஒவ்வொருவனாக இடது ஓரத்துக்கு நடந்தான். டோபியாஸ் பந்தின் மேல் குனிந்தான்.

ஒருவன் நடக்கவில்லை.

ஓட்டிஸ் பிராம்லெட். எல்லோரிலும் உரக்கக் கேலி பேசிய அதே ஓட்டிஸ். டோபியாஸின் இடத்தோளை ஒட்டி, முழங்கால் மடக்கி, தரையில் கையூன்றி, வேரோடியவன்போல நின்றான். ஓரத்திலிருந்து “ஓட்டிஸ், நகருடா! நகரு!” என்று நம் பிள்ளைகளே கத்தினார்கள். அவன் நகரவில்லை. வானொலியில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் வாழ்நாளில் அப்படி நேர்ந்ததேயில்லை!

கதவு பாதி திறந்து பாதி மூடி நின்றது. எதிரணிக்குச் சூழ்ச்சி புரிந்துவிட்டது. பந்து போனது, ஓடியவன் இரண்டு அடி போவதற்குள் விழுந்தான். நடுவே பாய்ந்து வந்த முரட்டு ஆளை ஓட்டிஸ் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டான். டோபியாஸ் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை.

புரூயிட் களத்தின் விளிம்பு வரை ஓடிவந்தார். “உனக்கு என்னடா ஆச்சு? ஏன் போகல?”

ஓட்டிஸ் வாயில் வந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“இவனை ஒரு தடவை தனியா விட்டுட்டுப் போனது போதும், கோச். திரும்பவும் என்னால முடியாது.”

அன்று புரூயிட் மறுபடி அந்தச் சைகையைக் காட்டவில்லை. பிள்ளைகள் தோளோடு தோள் நின்று ஆடினார்கள். தோற்றார்கள். ஆமாம் ஐயா, தோற்றார்கள். நான் இனிப்புத் தடவிச் சொல்ல வரவில்லை. ஒருவேளை ஓட்டிஸ் நடந்திருந்தால் நாம் வென்றிருக்கலாம்.

ஆகவே பேராசிரியர் அவர்களே, உங்கள் வியூகம் வெல்லும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புத்திசாலித்தனம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஆட்களிலேயே ஒருவனைத் தலை குனிய வைத்து, வெட்டவெளியில் விட்டுவிட்டு, மற்றவர்கள் ஒன்றும் தெரியாததுபோல் நடந்து போகிற ஒன்றை, அந்தப் பிள்ளை களத்துக்கு வெளியேயும் அப்படித்தான் நின்றான் என்று தெரிந்த பிறகு, பெருமை என்று சொல்லச் சொன்னால் என் நாக்கு மறுக்கிறது. கழுத்து முறிந்தால் யார் பொறுப்பு? மனம் முறிந்தால் யார் பொறுப்பு? விதி அனுமதிக்கிறது என்பது ஒரு பதிலா?

தலைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டார். சற்று நேரத்தில் வாக்கெடுப்பு. கைகளை உயர்த்தும் முன் ஒரு முறை மூன்றாவது மேசையைத் திரும்பிப் பாருங்கள். டோபியாஸ் இன்று வரவில்லை. நாளைத் தேர்வுக்குப் படிக்கிறானாம். ஆனால் அவன் நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல், அதன் முதுகில் கை போட்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நில் ஓட்டிஸ், வெட்கப்படாதே!

கேட்ட செவிகளுக்கு நன்றி. நான் பேசுகையில் உங்கள் தட்டுகளில் ஆறிப்போன பூசணி இனிப்புப் பலகாரத்துக்காக வருத்தம். வாக்கு எப்படிப் போனாலும், போகும்போது எல்லோரும் சேர்ந்தே போவோம். வணக்கம்!