கெசையா ஊஸ்பியைக் கண்டெடுத்த கண்களுக்கு

மங்கிய மையில் மறைந்தோர் முகம் தேடிய மாண்பினரே! பெயரிழந்து போன பேதையர்க்குப் பெயரை மீட்டுத் தந்த பெருந்தகையே! தோர்ன்பெக் ஆவணக்காப்பகத்தின் வாசிப்பறைத் தலைவியாய் முப்பத்தேழு ஆண்டுகள் வீற்றிருந்து, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் எங்கள் அன்பிற்கினிய ஹிலரி ஓல்ட்ராய்ட் அம்மையாரே! உடன் உழைத்தோர் ஒருங்கே நின்று உரைக்கும் வாழ்த்து இது. வணக்கம்.

கோமான்களின் குலவரலாறு தேடுவது எளிது. அவர்களுக்கு ஓவியம் உண்டு, உயில் உண்டு, தேவாலயச் சுவரில் கல்வெட்டும் உண்டு. கூலிக்குப் பயிர் அறுத்தவனுக்கும், கதியற்றோர் உழைத்துச் சோறு பெற்ற வேலைவிடுதியின் கதவைக் குழந்தையோடு தட்டியவளுக்கும் என்ன உண்டு? சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் கணக்கெடுப்பில் ஒரு வரி. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே கிடக்கும் இருட்டுக்குள் துணிந்து நுழைந்தவர் நீங்கள். வம்சம் தேடி வருவோர் எல்லாம் “எங்க ஆளு யாரு?” என்று கேட்பார்கள். நீங்களோ, “அன்னிக்கு ராத்திரி அவங்க என்ன சாப்பிட்டிருப்பாங்க?” என்று எதிர்க்கேள்வி போடுவீர்கள். அடங்காத ஆவலே உங்கள் அணிகலன்! அலுக்காத தேடலே உங்கள் ஆற்றல்!

உங்கள் பணிகளையெல்லாம் பட்டியலிட்டால் இந்த மடலுக்குச் சட்டம் போட ஊரில் மரம் போதாது. ஆகவே ஒன்றே ஒன்றைச் சொல்கிறோம். அதற்கு உரியவர்கள் இருவரும் இதே அவையில் அமர்ந்திருக்கிறார்கள். சொல்லிக்கொள்ள அனுமதியும் தந்திருக்கிறார்கள்.

பள்ளிச் சமையல்கூடத்தில் காலமெல்லாம் உழைத்து ஓய்ந்த நோரா ஸ்டாக்டேல் அம்மையார், பேருந்து ஓட்டி ஓய்ந்த தம்பி லெஸ்ஸுடன் ஒரு மழைநாளில் நம் வாசிப்பறைக்கு வந்தார். அவர்களுடைய கொள்ளுத்தாத்தா ஏமஸ் ஊஸ்பி, தோர்ன்பெக் வேலைவிடுதியில் வளர்ந்தவர். “எனக்கு அம்மா கிடையாது” என்பதற்கு மேல் வாழ்நாள் முழுதும் அவர் ஒரு சொல் சொன்னதில்லையாம். பெற்றவள் பிள்ளையை விடுதி வாசலில் விட்டுவிட்டு மாலுமி ஒருவனோடு ஓடிவிட்டாள் என்பது தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் வழங்கிவந்த பேச்சு. அவள் பெயர்கூட யாருக்கும் தெரியாது. நோராவுக்கு அந்தப் பெயராவது வேண்டியிருந்தது. லெஸ்ஸுக்கு வேண்டியிருக்கவில்லை.

“கல்லறைக்குள்ள போனவள வெளிய இழுத்து வெச்சு என்னக்கா கேக்கப் போற?”

“ஏன்டி போனேன்னு கேக்கப் போறேன். நீ வண்டி ஓட்டுறதோட நிறுத்திக்கோ.”

பெயரை அன்று மாலையே நீங்கள் எடுத்துத் தந்துவிட்டீர்கள். 1879, நவம்பர்: கெசையா ஊஸ்பி, விதவை, நிறைசூலி, உடன் மகன் ஏமஸ், வயது ஆறு. ஆனால் 1881 ஏப்ரலில் நடந்த கணக்கெடுப்பில் சிறுவன் மட்டுமே விடுதியில் இருக்கிறான், தாயைக் காணோம். அட்டவணைகளில் தேடியபோது, ஹல் துறைமுகத்தில் 1880இல் மாலுமி ஒருவனை மணந்த கெசையா ஊஸ்பி என்னும் விதவை அகப்பட்டாள். பெயர் பொருந்தியது, வயது பொருந்தியது, மாலுமியும் பொருந்தினான்.

“பாத்தியா? தாத்தா சொன்னது பொய்யா?” என்றார் லெஸ். நோரா எழுந்தார். மேலங்கியை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

மற்றவர்களாயிருந்தால் ஏட்டை மூடிக் கட்டி அலமாரியில் வைத்திருப்பார்கள். உண்மையின் உபாசகியே, உங்களால் முடியவில்லை! அட்டவணையில் ஒரு வரியை நம்பிவிட்டோமே என்ற உறுத்தலில், அந்தத் திருமணச் சான்றின் படியை வரவழைத்தீர்கள். ஹல் நகரத்துக் கெசையாவின் தந்தை கப்பல் தச்சர். நம் ஊர்த் தேவாலயத் திருமண ஏட்டில் உள்ள கெசையாவின் தந்தையோ பண்ணைக் கூலி. ஹல்காரி அழகாகக் கையெழுத்திட்டிருந்தாள்; எழுதத் தெரியாத நம்மவள் தன் திருமணத்தில் சிலுவைக் குறிதான் கீறியிருந்தாள். அடுத்த நொடியே தொலைபேசியை எடுத்தீர்கள்.

“நோரா, நான் தப்பு பண்ணிட்டேன். அது வேற பொம்பள. உங்க வீட்டுக் கதைக்குப் பொருந்துச்சுன்னு நானும் அவசரப்பட்டுட்டேன்.”

மறுமுனையில் நோரா கேட்டார், “சரி கண்ணு. அப்ப நம்ம கெசையா எங்கதான் போனா?”

அந்தக் கேள்வி உங்களைப் பிடித்த பிடி இருக்கிறதே! கணினி கைவிட்ட இடத்தில் காதைத் துணைக்கு அழைத்தீர்கள். எழுதத் தெரியாத வீட்டு வாசலில் கணக்கெடுப்பாளர் நின்றுகொண்டு, காதில் விழுந்ததையே எழுதியிருப்பார். ஆகவே எழுத்தைப் பார்த்தால் போதாது, ஒலியைக் கேட்க வேண்டும் என்றீர்கள். தெருத்தெருவாக, வீடுவீடாக, இந்த ஊர் வாய்மொழியிலேயே பெயர்களை உரக்கப் படித்தீர்கள். அமைதி காக்கச் சொல்லி அறிவிப்பு மாட்டிய கையாலேயே அதைக் கழற்றி வைத்தீர்கள்! அக்காவை அழைத்துப் போக வந்து நின்ற லெஸ்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்னம்மா, செத்தவங்களுக்கு வருகைப்பதிவு எடுக்குறீங்களா?”

“ஆமா. யாராவது ஒருத்தர் ‘உள்ளேன்’னு சொல்லமாட்டாங்களான்னு பாக்குறேன். சும்மாதானே நிக்கிறீங்க, இந்தப் பக்கத்த நீங்க படிங்களேன்.”

லெஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேண்டாவெறுப்பாகப் படிக்கத் தொடங்கினார். பிளீச் சந்து. தூரிகை செய்பவர் ஒருவர், மனைவி, மக்கள். அவர்களுக்குக் கீழே வாடகைக்கு இருக்கும் சலவைக்காரி, விதவை: கிஸி ஹூஸ்பி. கெசையாவைச் சுருக்கினால் கிஸி. முதலில் வரும் ‘ஹ’ ஒலியை விழுங்கிப் பேசுவது நம் ஊர் வழக்கமாயிற்றே! எழுதியவர் அது விழுங்கப்பட்டதென்று எண்ணி, இல்லாத எழுத்தைச் சேர்த்திருக்கிறார். லெஸ் அதை நம் ஊர் வழக்கப்படியே வாசித்தார்.

“கிஸி... ஊஸ்பி.”

வாசித்தவர் விரலை அங்கேயே ஊன்றிக்கொண்டார். அந்த வரியின் கீழே மற்றொரு வரி: ரூத், மகள், வயது ஒன்று, பிறந்த இடம் வேலைவிடுதி. பிளீச் சந்து எங்கே இருக்கிறதென்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலைவிடுதியின் பின்சுவரை ஒட்டியே அது ஓடுகிறது.

ஓடிப்போனவள் சுவருக்கு அப்பால் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள்! காரணத்தை, விடுதியை நடத்திய காப்பாளர் குழுவின் கூட்டக் குறிப்பில் கண்டீர்கள். கைக்குழந்தையோடு வெளியேறி வேலை தேட விதவை ஊஸ்பிக்கு அனுமதி. அவளுக்கு வழி பிறக்கும்வரை பையன் விடுதியிலேயே இருக்கட்டும். கணக்கெடுப்பு நடந்த அதே 1881 ஆகஸ்டு மாத வெளியேற்றப் பதிவில் ஏமஸின் பெயருக்கு எதிரே, ‘தாயிடம் ஒப்படைக்கப்பட்டான்’ என்று இருந்தது.

“கூட்டிட்டுப் போயிருக்கா, லெஸ்! வந்து கூட்டிட்டுப் போயிருக்கா!” நோரா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்தப் பக்கத்தோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாம். மகிழ்ச்சியாய் மூன்று பேரும் தேநீர் அருந்தப் போயிருக்கலாம். “இன்னும் இருக்கு நோரா, உக்காருங்க” என்று சொல்லி, அடுத்த பதிவேட்டையும் விரித்தீர்கள். நவம்பரில் கெசையா காய்ச்சலில் விழுந்து விடுதி மருத்துவக்கூடத்தில் இறந்திருந்தாள். டிசம்பரில் ஏமஸ் தனியாக மீண்டும் சேர்க்கப்பட்டிருந்தான். குறிப்பு: தாய் இல்லை.

நோரா அந்த இரண்டு சொற்களை விரலால் தொடாமல், மேலே காற்றில் தடவினார். “அப்ப அவர் ‘அம்மா கிடையாது’ன்னு சொன்னது...”

“அது உண்மைதான். கேட்டவங்க வேற அர்த்தம் பண்ணிக்கிட்டாங்களோ என்னவோ. அது எந்த ஏட்டுலயும் இல்ல. எனக்குத் தெரியாது.”

அறியாததை அறியேன் என்று சொல்லும் அறிவுடைமையே, உமக்கு எங்கள் தலைவணக்கம்! அந்த வீட்டின் மேல் நான்கு தலைமுறையாக நின்ற பழி அன்று பிற்பகலில் விலகிற்று. லெஸ் சன்னலோரம் போய் நின்று, பேருந்து நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து அவர் கேட்டது ஒன்றுதான்.

“அந்தச் சின்னது, ரூத்து... அது என்னம்மா ஆச்சு?”

தாய் இறந்த பின் ரூத் விடுதிக்கு வரவில்லை. நம் ஊர் அடக்கப் பதிவுகளிலும் இல்லை. யாரோ தூக்கிச் சென்று வளர்த்திருக்க வேண்டும். யார்? எந்த ஊர்? எந்தப் பெயரில்? வேண்டாம் வேண்டாம் என்றிருந்த லெஸ் அன்றுமுதல் வியாழக்கிழமை தவறாமல் வருகிறார். கையில் கொண்டுவரும் பன்றியிறைச்சிப் பணியாரத்தை வாசலிலேயே தின்றுவிட்டு வரச்சொல்லி நீங்கள் விரட்டுவதும், “இந்தம்மா எங்க பேருந்து மேலாளரவிட மோசம்” என்று அவர் முணுமுணுப்பதும் எங்கள் வாசிப்பறையின் வாராந்தர இசை.

அம்மையாரே! பணி நிறைவுப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டோம். கடிகாரம் வேண்டாம் என்றீர்கள், வெள்ளித் தட்டு வேண்டாம் என்றீர்கள். ஒரு வாசகர் அட்டை கேட்டீர்கள். இதோ, உங்கள் பெயர் பொறித்த அட்டை! பிழை திருத்தி, ஒலியும் எழுத்தும் ஒத்துப் பார்த்தே அச்சிட்டிருக்கிறோம். இனி நீங்கள் கேட்பீர்கள். நாங்கள் எடுத்துத் தருவோம். மற்றவர்களைப் போலவே, ஏட்டில் மை படாதிருக்க, பேனாவை வாயிலில் கொடுத்துவிட்டுப் பென்சிலோடுதான் உள்ளே வர வேண்டும், சலுகை கிடையாது.

கண்ணொளி குன்றாமல், கால்வலி காணாமல், கேள்விகள் வற்றாமல், நூறாண்டு கடந்தும் நீங்கள் நலமோடு வாழ்க! உங்கள் தோட்டத்து ரோஜாக்களும் உங்கள் வயோதிகப் பூனையும் உங்களோடு வாழ்க! பக்கத்து மாவட்டக் காப்பகத்திலிருந்து அக்காலத்தில் வளர்க்கக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் பற்றிய ஏட்டுப் பெட்டிகள் இரண்டு நேற்று வந்து சேர்ந்தன. சன்னலோர மேசையில் வைத்திருக்கிறோம். வியாழக்கிழமை காலை கதவு திறக்கும்போது, லெஸ் உங்களுக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருப்பார், விரைந்து வாருங்கள்.

பேரன்புடன்,
வாசிப்பறை, காப்பறை, ஏடு செப்பனிடும் கூடம், வாயிற்காவல் ஆகிய அனைத்துப் பிரிவுப் பணியாளர்கள்,
தோர்ன்பெக் ஆவணக்காப்பகம், யார்க்‌ஷயர்.