கறிவேப்பிலைக்கு ஸ்வெட்டர்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "என் பொண்ணு கறிவேப்பிலைச் செடிக்கு ஸ்வெட்டர் போட்டு வெச்சிருந்தா."

"எந்த ஊர்ல இருக்காங்க?"

"கனடாவுல. ஒரே பனி. தொட்டியில ஸ்வெட்டரைச் சுத்தி வீட்டுக்குள்ள வெச்சிருந்தா. நான்தான் நம்ம ஊர் மாதிரி தினம் தண்ணி ஊத்துன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அங்க குளிருல மண்ணு காயவே இல்ல. இலை மொத்தமும் கொட்டிடுச்சு. செடியும் போச்சு, நானும் ஊருக்கே வந்துடறேம்மான்னு போன்ல ஒரே அழுகை."

"ஐயோ!"

"என்ன ஐயோ? எனக்கு நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு. வந்துடட்டுமே!"

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது.

"அப்புறம்?"

"தண்ணிய நிறுத்திப் பார்த்திருக்கா. இப்பதான் அங்க வெயில் வந்திருக்கு. நேத்து வீடியோல காட்டுறா, மொட்டைக் குச்சியில அரிசி அளவுக்குத் துளிர். அவ மூஞ்சியப் பார்க்கணுமே, அப்படி ஒரு சிரிப்பு!"

"அப்ப ஊருக்கு வரலையாமா?"



"அதை அவளும் பேசல, நானும் கேக்கல. பெரிய தொட்டியா வாங்கி மாத்துடின்னு சொல்லிட்டேன்."