நாலாம் சுற்று

இந்தக் குளிர் நாட்டில், நவம்பர் பின்னேரம் ஐந்து மணி. அதற்குள்ளேயே கும்மிருட்டு... ஸ்ட்ரெதம் ரவுனுக்கு அங்கால், ஒரு சாமான் கிடங்கைச் சுற்றி ஒற்றைப் பாதை. ஈ காக்கை இல்லை.

எங்கட கோயிலுக்கு வாற பியற்றிஸ் அக்காவின் மச்சான் யாக்கோப்பு அங்கேதான் செக்யூரிட்டி. நெருங்கி இருங்கோ, சொல்லுறன்.

அந்தப் பாதை முட்டை வடிவம். ஒரு காலத்தில் அது மண் தரை. மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்த இடம். பிரேக் இல்லாத வண்டிகள். இயந்திரத்துக்கு ஆமணக்கெண்ணெய். வளைவில் ஊன்ற, இடது சப்பாத்துக்கு மட்டும் இரும்பு அடி. நாலு சுற்று ஓடினால் ஒரு பந்தயம். நாலாம் சுற்றில், கடைசி வளைவில், ஒரு பொடியன் விழுந்து செத்தான். பந்தயமும் நின்றுபோனது. அவன் பெயர் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

யாக்கோப்புக்கு மனம் கேட்கவில்லை. நவம்பர், செத்தவர்களுக்காகச் செபிக்கிற ஆத்துமாக்களின் மாதம் அல்லவா? கோயிலில் அவனுக்காகப் பூசை கொடுத்தார். படிவத்தில் இறந்தவர் பெயரை வெறுமையாக விட்டு, கொடுப்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். கோயிலில் பூசைப் பட்டியல் அடித்த பெர்னடெற் அதையே இறந்தவர்களோடு சேர்த்துவிட்டா. ஞாயிறு பீடத்தில் சுவாமியார் வாசித்தார்: “யாக்கோப்பின் ஆத்துமா இளைப்பாற...”

பூசை முடிய, வாசலில் நின்ற சனம் பகிடி விட்டது: “அண்ணை, உங்கடை முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்பிடுங்கோ!”

யாக்கோப்பும் சிரித்தார்.

மறுநாள் பின்னேரம் கிடங்கைச் சுற்றி நடக்கிறார். முதல் சுற்றில் ஆமணக்கெண்ணெய் மணம். சின்ன வயதில் பேதிக்குக் குடித்த அதே மணம்... இரண்டாம் சுற்றில், க்ர்ர்ர்... இரும்பு தாரில் உரசும் சத்தம். திரும்பினார். ஒருவரும் இல்லை. மூன்றாம் சுற்றில் நிற்கப் பார்த்தார். கால் நிற்கவில்லை. ஓடத் தொடங்கியது. உரசுவது அவருடைய இடது கால்தான்.

நாலாம் சுற்று. கடைசி வளைவு தெரிகிறது. செத்தவன் என்று பீடத்தில் வாசித்தது தன் பெயரை; அந்தப் பொடியனின் சாவும் தன் பெயருக்கு மாறிவிட்டது... அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

“தம்பி,” என்றார், மூச்சு வாங்க. “உங்களுக்கெண்டுதான் குடுத்தனான், ராசா. பேர் தெரியேல்லை. சொல்லுங்கோ, திருத்துவிக்கிறன்.”

கால் நின்றது. வளைவுக்கு ஒரு முழம் இருந்தது.

விடிந்ததும் பெர்னடெற்றைக் கூட்டிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனார். பூசைப் பட்டியல் அங்கே அறிவித்தல் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியபடி. திறப்பு அவவின் கைப்பையில்.

“அண்ணை... ஆர் இதைத் திருத்தினது?”

யாக்கோப்பு என்ற பெயரை ஏதோ இரும்பு சுரண்டியிருந்தது. பக்கத்தில், வில்பிரட் என்று கோணல் எழுத்து.

பெட்டியைத் திறந்தா. குப்பென்று ஆமணக்கெண்ணெய் மணம். கண்ணாடியில் மண் அப்பிய விரல் அடையாளங்கள்... உள்பக்கமாக.