ஆறு என்று மாட்டிய கை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தீயணைப்புப் படைத் தலைவி ரெஜினா அம்மையார் அவர்களே! ஏரிக் காற்றோடு எழுபது குளிர்காலம் மல்லுக்கட்டிய பெரியோர்களே! விடியுமுன் பால் கறந்து, விறைத்த விரலோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! காப்பிக் கோப்பைக்குப் பின்னால் சிரிப்பை மறைக்கும் நண்பர்களே! இந்த நார்பர்ட் டூடெக்கின் நடுங்கும் வணக்கம்.

ஆம், நடுங்குகிறேன். பயமாக இருக்கிறது, ஐயா.

இந்தத் தீயணைப்புக் கூடத்தின் வாசலில் தொங்கும் பலகைக்கு இருபது ஆண்டாக நான்தான் பொறுப்பு. வானிலை நிலையத்திலிருந்து அழைப்பு வரும். நாளை எத்தனை அங்குலம் பனி என்று எண்ணை மாட்டுவேன். ஒரே ஓர் எண். அதற்குத்தான் பலகையில் இடம்! எண் பொய்த்தால் படை முழுவதற்கும் நான் டோனட் வாங்கித் தரவேண்டும் என்பது ஊர் வழக்கம்.

இரண்டு ஆண்டுக்கு முன் நிலையம் மூன்றிலிருந்து முப்பது வரை என்றது. முப்பதை மாட்டினேன். ஏரியிலிருந்து எழுந்து வரும் பனி மேகப் பட்டை ஆறு மைல் தள்ளிக் கொட்டிவிட்டுப் போனது. நமக்குப் பல்லைக் காட்டியது வெயில்! அன்று முதல் எனக்கு 'முப்பது நார்பர்ட்' என்று பட்டம். பயந்தாங்கொள்ளி என்றீர்கள். என் டோனட்டைத் தின்றுகொண்டேதான் சொன்னீர்கள்.

சென்ற ஜனவரியில் மீண்டும் அழைப்பு. அந்த நிலையத்துப் பெண் சொன்னார்: "ஆறு அங்குலம் விழத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா பத்துல ஒரு பங்கு, பட்டை உங்க தலைமேலயே நின்னுடலாம். நின்னா முப்பது. எது நடக்கும்னு எனக்கே தெரியலைங்க."

எதை மாட்டினேன்? ஆறை மாட்டினேன்! அந்தப் பத்தில் ஒன்றை எங்கே மாட்டினேன்? அந்தத் 'தெரியலைங்க'வை எங்கே மாட்டினேன்? ஊர் சிரிக்குமே என்று இரண்டையும் விழுங்கினேன்.

என் தங்கை கிரேட்டாவின் கணவர் ஆல்வின், பால் வண்டி ஓட்டுபவர், பலகையைப் பார்த்தார். "என்ன மச்சான், வெறும் ஆறா? இதுக்கெல்லாம் வண்டிய நிறுத்துனா மாடுகூடச் சிரிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டை நின்றது! மணிக்கு நான்கு அங்குலம் கொட்டியது. நீட்டிய கை தெரியவில்லை. குன்றுச் சாலையில் வண்டி புதைந்தது. சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டார். புகைக்குழாயைப் பனி அடைக்க, விஷப் புகை வண்டிக்குள்ளேயே திரும்பியது. மறுநாள் தோண்டியபோது தூங்குகிறவரைப் போலத்தான் இருந்தார்.

அவரைக் கொன்றது பனியா? புகையா? என் ஆறு, ஐயா, என் ஆறு.

என்ன, தியோ? பின்வரிசையில் எழுந்து நிற்கிறான், ஆல்வினின் மகன். அப்பாவின் அதே சாலையில் இப்போது அவன்தான் பால் வண்டி ஓட்டுகிறான். "நாளைக்கு எத்தனைன்னு ஒத்த வார்த்தையில சொல்லுங்க மாமா. பண்ணையில பால் நிரம்பிக் கிடக்கு" என்கிறான்.

சொல்லமாட்டேன், மருமகனே! மதியம் நிலையம் சொன்னது இதுதான்: அநேகமாக ஐந்து; பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு முப்பதுக்கு. பலகையில் இன்னொரு கட்டையை அறைந்து இரண்டையும் மாட்டியிருக்கிறேன். அடியில் 'எது என்று தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். பத்தில் ஒன்று சின்னதா? பத்து டோனட்டில் ஒன்றில் விஷம் என்றால் பெட்டியில் கை வைப்பாயா?

பாலைக் கீழே ஊற்றலாம், மாடு மறுபடி கறக்கும். உன் அம்மா முன்வரிசையில் இருக்கிறாள். வண்டிச் சாவியை அவள் மடியில் வைக்கும்வரை நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன். காத்திருக்கிறேன்.

வைத்துவிட்டான். நல்லது.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. நாளை வெயிலே அடிக்கலாம். அடித்தால் நானே டோனட் வாங்கி வருகிறேன். 'முப்பது நார்பர்ட்' என்று வாயாரத் திட்டுங்கள். ஆனால் திட்டுவதற்கு ஒரு தலைகூடக் குறையாமல் எல்லோரும் வந்து சேருங்கள். வணக்கம்.